ஒரு பவுண்டுக்கு வாங்கிய சைக்கிளுக்கு 480 பவுண்ட் வரியா?

மேற்கு லண்டன் ஹேய்ஸில் இருக்கும் வாசகர் ஒருவர் நீளமாக எழுதி, மூன்று காகிதங்களையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். தமிழ்நாட்டிலிருந்து வந்து ஆறு வருடம் ஆகிறது. ஸ்லோவில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை, ஆண்டுச் சம்பளம் 36,000 பவுண்ட். 2024 ஏப்ரலில் கம்பெனியின் ‘சைக்கிள் டு ஒர்க்’ திட்டத்தில் (வேலைக்கு வந்துபோக முதலாளி வரி விலக்கோடு சைக்கிளை இரவல் தரும் திட்டம்) 2,400 பவுண்ட் விலையுள்ள மின்சார சைக்கிள் எடுத்தார். சாலரி சாக்ரிஃபைஸ் முறையில், அதாவது வரி போடுவதற்கு முன்பே சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கும் முறையில், மாதம் 200 பவுண்ட், பன்னிரண்டு மாதம் பிடித்தார்கள். 2025 மார்ச் கடைசியில் ஹெச்ஆரில் கூப்பிட்டு, “ஒரு பவுண்ட் கொடுங்கள், சைக்கிள் உங்களுடையது” என்றார்கள். கொடுத்துவிட்டு வந்தார்.

செப்டம்பரில் பிரிட்டன் வரித் துறையான ஹெச்எம்ஆர்சியிலிருந்து பி800 என்ற வரிக் கணக்குக் கடிதம் வந்தது. 2024-25 வரி ஆண்டில் 479.80 பவுண்ட் வரி குறைவாகக் கட்டியிருக்கிறீர்கள், அதை 2026 ஏப்ரலிலிருந்து சம்பளத்தில் பிடித்துக்கொள்வோம் என்று. இப்போது புது டாக்ஸ் கோட் (சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிக்க வேண்டும் என்று முதலாளிக்குச் சொல்லும் எண்) நோட்டீஸும் வந்துவிட்டது. 1257எல் என்றிருந்தது 1017எல் ஆகியிருக்கிறது. “42 சதவீதம் மிச்சம் என்று மேனேஜர் சொல்லித்தான் எடுத்தேன் சார். வரி விலக்கு என்று சொல்லிவிட்டு இப்போது வரி கேட்டால் இது ஏமாற்று வேலை இல்லையா?” என்று கேட்கிறார். அதோடு சில பயங்களும் இருக்கின்றன. குளிர்காலத்தில் நான்கு மாதம் எலிசபெத் லைன் ரயிலில்தான் போனார், வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை, அதனால் மாட்டிக்கொண்டாரோ? சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தால் வரி போய்விடுமா? இந்த வருடம் ஐஎல்ஆர் (பிரிட்டனில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) போடுகிறார், இந்தக் கடிதம் அதைக் கெடுக்குமா? கடைசியாக ஒன்று: நர்சரியில் மணிக்கு 12.60 பவுண்ட் சம்பளத்தில் வாரம் 30 மணி நேரம் வேலை செய்யும் மனைவிக்கும் ஒரு சைக்கிள் எடுக்கலாமா, இல்லை தன் பெயரிலேயே இன்னொன்று எடுத்து அவருக்குக் கொடுத்துவிடலாமா?

நல்ல வேளையாகக் காகிதங்களையும் அனுப்பினீர்கள். கடிதத்தை மட்டும் படித்திருந்தால், “ஆமாம், கொஞ்சம் வரி வரத்தான் செய்யும்” என்று பொதுவாகச் சொல்லி முடித்திருப்பேன். உங்களைப் பற்றிக் கம்பெனி ஹெச்எம்ஆர்சிக்கு அனுப்பிய பி11டி படிவத்தைப் பார்த்த பிறகு வேறு மாதிரி சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் வரி கட்டத்தான் வேண்டும், ஆனால் 479.80 இல்லை. என் கணக்கில் 119.80. மீதி 360 பவுண்ட் உங்கள் கம்பெனியில் சம்பளக் கணக்குப் போடும் பே-ரோல் பிரிவு ஒரு பெட்டியில் தவறான எண்ணைப் போட்டதால் வந்தது.

டாக்ஸ் கோட் எண்ணை எப்படிப் படிப்பது

வருடத்துக்கு 12,570 பவுண்ட் வரை வருமான வரி கிடையாது. அந்த எண்ணில் கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு ஒரு எல் சேர்த்தால் 1257எல். உங்கள் புதுக் கோட் 1017எல் என்றால், வரியில்லா வரம்பு 10,171 பவுண்டுக்கு இறங்கியிருக்கிறது. வித்தியாசம் 2,399. இந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது. 2,400 பவுண்ட் சைக்கிள், நீங்கள் கொடுத்த ஒரு பவுண்டைக் கழித்தால் 2,399. அதில் 20 சதவீதம்தான் 479.80.

பி11டி என்பது, சம்பளம் தவிர முதலாளி உங்களுக்குக் கொடுத்த சலுகைகளை ஹெச்எம்ஆர்சிக்குச் சொல்லும் படிவம். ஒவ்வொரு வருடமும் ஜூலை 6க்குள் போக வேண்டும், உங்களுக்கும் ஒரு நகல் தர வேண்டும். நீங்கள் அனுப்பிய படத்தில் ஏ பகுதியைப் பாருங்கள். முதலாளியின் பொருளை ஊழியருக்குச் சொந்தமாக்கிக் கொடுத்தால் அதை எழுதும் இடம் அது. முதல் பெட்டியில் 2,400, இரண்டாவதில் நீங்கள் கொடுத்த 1, மூன்றாவதில் 2,399. முதல் பெட்டியில் இருந்திருக்க வேண்டியது 600.

2,400 எங்கிருந்து வந்தது

பே-ரோலில் இருப்பவர் வேண்டுமென்றே செய்திருக்க மாட்டார். அவர் பொது விதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். கம்பெனி தன் பொருளை ஊழியருக்குக் கொஞ்ச நாள் பயன்படுத்தக் கொடுத்து, பிறகு அவருக்கே விற்றால் இரண்டு கணக்குப் போட வேண்டும். ஒன்று, விற்கும் நாளில் சந்தை மதிப்பு. இன்னொன்று, முதன்முதலில் கொடுத்த நாளின் மதிப்பிலிருந்து இடைப்பட்ட காலத்தில் ஏற்கெனவே வரி விதித்த தொகையைக் கழித்தது. இரண்டில் எது பெரியதோ அதற்கு வரி. உங்கள் சைக்கிளுக்கு அந்த ஒரு வருடம் வரி விலக்கு இருந்ததால் கழிக்க எதுவும் இல்லை. 2,400 அப்படியே நின்றுவிட்டது.

அதாவது வரி விலக்கு இருந்ததே உங்களுக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது. இந்த அபத்தத்தைச் சட்டம் போட்டவர்களே கவனித்து 2005இல் சரிசெய்துவிட்டார்கள். 2003ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 206ஆம் பிரிவில், 244ஆம் பிரிவின் கீழ் விலக்கோடு கொடுக்கப்பட்ட சைக்கிளுக்கு அந்த இரண்டாவது கணக்கு கிடையாது என்று சேர்த்தார்கள். சைக்கிளுக்கு விற்கும் நாளின் சந்தை மதிப்பு மட்டும்தான். இருபது வருடம் ஆகியும் இந்த விதிவிலக்கைத் தவறவிடும் பே-ரோல்காரர்கள் இருக்கிறார்கள்.

அப்படியானால் அந்த 600?

ஒரு வருடம் ஓடிய சைக்கிளுக்குச் சந்தை மதிப்பு என்ன என்று ஆளுக்கு ஒன்று சொல்லலாம். ஒரு காலத்தில் பல கம்பெனிகள் விலையில் 5 சதவீதம் வாங்கிக்கொண்டு கொடுத்துவிடும். அது நம்பும்படி இல்லை என்று ஹெச்எம்ஆர்சி 2010இல் ஒரு அட்டவணை போட்டது. 500 பவுண்டும் அதற்கு மேலும் விலையுள்ள சைக்கிள் என்றால் ஒரு வருடத்தில் 25 சதவீதம், ஒன்றரை வருடத்தில் 21, இரண்டு வருடத்தில் 17, மூன்றில் 12, நான்கில் 7, ஐந்தில் 2. ஆறு வருடம் ஆனால் மதிப்பே இல்லை. உங்கள் சைக்கிளுக்கு ஒரு வருடத்தில் 600 பவுண்ட். அதையே இன்னும் மூன்று வருடம் கழித்து வாங்கியிருந்தால் 168.

சைக்கிளை ஓட்டுவதற்கு வரி இல்லை. அது கம்பெனியின் சைக்கிளாக இருக்கும்வரை அதைப் பற்றி நீங்கள் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதும் இல்லை. அது கைமாறி உங்களுக்குச் சொந்தமாகும் நாளில்தான் வரிக் கணக்கு தொடங்குகிறது. அந்த நாளின் மதிப்பை முழுசாகக் கொடுத்து வாங்கினால் வரி இல்லை. குறைத்துக் கொடுத்தால், குறைத்த தொகை சம்பளம் மாதிரிதான். உங்களுக்கு 599 பவுண்ட் சலுகை, அதில் 20 சதவீதம் 119.80.

இதனால்தான் இந்தத் திட்டத்தை நடத்தும் நிறுவனங்கள் பன்னிரண்டு மாதம் முடிந்ததும் இன்னொரு ஒப்பந்தத்தை நீட்டும். 7 சதவீதம் டெபாசிட் கட்டுங்கள், மேலும் மூன்று வருடம் எங்கள் சைக்கிளாகவே ஓட்டுங்கள், பிறகு டெபாசிட்டைக் கழித்துக்கொண்டு உங்களுக்கே கொடுத்துவிடுகிறோம் என்று. வாங்கும் ஆட்களுக்கு எரிச்சலாக இருக்கும். “பணம் முழுக்கக் கட்டியாச்சு, இன்னும் என்ன வாடகை?” என்பார்கள். அந்த மூன்று வருடக் காத்திருப்பில்தான் 600 பவுண்ட் மதிப்பு 168 ஆகிறது. உங்கள் கம்பெனி வெளி நிறுவனம் வைக்காமல் தானே நடத்தியிருக்கிறது போல. நல்ல மனசோடுதான் ஒரு பவுண்டுக்குக் கொடுத்தார்கள், வரியைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

சரி, ஏமாற்று வேலையா என்று கேட்டீர்கள். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 42 சதவீத மிச்சம் உங்கள் மேனேஜருக்கு. அவர் 50,270 பவுண்டுக்கு மேல் வாங்குபவராக இருப்பார், 40 சதவீத வரியும் 2 சதவீத நேஷனல் இன்சூரன்ஸும் (சம்பளத்தில் பிடிக்கும் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு) மிச்சம். உங்களுக்கு 20ம் 8ம், 28 சதவீதம். மாதம் 200 பவுண்ட் விட்டுக்கொடுத்ததில் கைக்கு வரும் சம்பளம் குறைந்தது 144தான். வருடத்துக்கு 1,728. அதோடு ஒரு பவுண்ட், அதோடு சரியான வரி 119.80. ஆக மொத்தம் 1,848.80. கடையில் முழு விலைக்கு வாங்கியிருந்தால் 2,400. இன்னமும் 551 பவுண்ட் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. கடையில் சீசன் முடிந்து தள்ளுபடி போடும்போது ரொக்கமாக வாங்கியிருந்தால் இந்த 551இல் எவ்வளவு நிற்கும் என்பது வேறு கேள்வி. பல கடைகள் இந்தத் திட்டத்தில் வருகிறவர்களுக்குத் தள்ளுபடி விலையைத் தருவதில்லை. அடுத்த முறை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒரே ஒரு இடத்தில் எனக்குக் கவலை. “ஒரு வருடம் கழித்து ஒரு பவுண்டுக்கு உனக்கே” என்று எடுக்கும்போதே சொன்னார்களா? சாப்பாட்டு அறையில் யாரோ பேசியது வேறு, ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது வேறு. சைக்கிள் கடைசியில் உங்களுக்குத்தான் என்று முதலிலேயே உரிமை கொடுத்திருந்தால் அது இரவல் ஆகாது, தவணை முறை விற்பனை ஆகிவிடும், வரி விலக்கே ஆட்டம் காணும். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். ‘விற்கலாம்’ என்ற தோரணையில் இருந்தால் பரவாயில்லை. ‘விற்போம்’ என்று இருந்தால், பே-ரோலுக்கு எழுதுவதற்கு முன் எனக்கோ உங்கள் ஊர் வரி ஆலோசகருக்கோ காட்டிவிடுங்கள்.

ரயிலில் போன நாட்கள்

இதற்காக நீங்கள் தூக்கம் கெட்டிருக்கிறீர்கள் என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. தேவையில்லை. விதி கேட்பது, “வேலைக்கு எத்தனை நாள் சைக்கிளில் போனாய்?” என்று இல்லை. “சைக்கிள் ஓடிய ஓட்டத்தில் பெரும்பகுதி வேலைக்கா?” என்றுதான். பாதிக்கு மேல் இருந்தால் போதும். ஜனவரி மழையில் அது ஷெட்டில் பூட்டிக் கிடந்தால் அந்த நாட்கள் எந்தக் கணக்கிலும் வராது. ஓடாத சைக்கிள் விதியை மீறாது.

உங்கள் கடிதத்திலிருந்தே எடுக்கிறேன். வாரம் மூன்று நாள் கால்வாய்க் கரை வழியாக ஸ்லோவுக்குப் போய்வர 16 மைல், வாரத்துக்கு 48. சனிக்கிழமை சவுத்தால் கடைத்தெருவுக்குக் கறிவேப்பிலை, முருங்கைக்காய் வாங்கப் போய்வர ஆறேழு மைல். குளிர்காலத்தில் சவுத்தால் மட்டும்தான் என்றாலும், வருடம் முழுக்கக் கூட்டினால் வேலைக்கு ஓடியதுதான் பல மடங்கு. வீட்டிலிருந்து ரயில் நிலையம் வரை சைக்கிளில் போய் மீதி தூரம் ரயிலில் போனாலும் அதுவும் வேலைக்குப் போன பயணம்தான். மைல் கணக்கு எழுதி வைத்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்கள் இந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை.

சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். மார்ச் 2025இல் கைமாறியது கைமாறியதுதான், இப்போது கொடுத்தால் 120 பவுண்ட் வரிக்காக ஒரு நல்ல சைக்கிளைத் தானம் செய்தது மாதிரி ஆகும். மீதி 599 பவுண்டைக் கம்பெனிக்குக் கட்டி வரியை ஒழிக்கும் வழி ஒன்று இருந்தது, அதற்குக் கெடு 2025 ஜூலை 6. தாண்டிவிட்டது. தாண்டாமல் இருந்திருந்தாலும் 120ஐத் தவிர்க்க 599 கட்டச் சொல்லியிருக்க மாட்டேன்.

ஐஎல்ஆர் பற்றி: பி800 என்பது வருடக் கடைசியில் வரியைச் சரிபார்த்து அனுப்பும் கணக்குக் கடிதம். அபராதமோ குற்றச்சாட்டோ இல்லை. வரியைக் கோட் மூலம் பிடிக்க ஏற்பாடாகிவிட்டால் அது கட்டாமல் விட்ட பாக்கி என்றும் ஆகாது. உங்கள் சம்பளமும் வரியும் பே-ரோல் வழியாகத்தான் போகின்றன, நீங்கள் எதையும் மறைக்கவில்லை. பி800ஐயும் திருத்தம் கேட்டு எழுதப்போகும் மின்னஞ்சலையும் ஒரு கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

மனைவிக்கு ஒரு சைக்கிள்

உங்கள் பெயரில் எடுத்து அவருக்குக் கொடுக்கும் யோசனை வேண்டவே வேண்டாம். யார் சம்பளத்தை விட்டுக்கொடுக்கிறாரோ அவர் தன் வேலைக்குப் போகத்தான் அந்தச் சைக்கிள் பெரும்பாலும் ஓட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு சுற்று ஓட்டினால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் அவர் தினமும் நர்சரிக்கு ஓட்டும் சைக்கிளுக்கு உங்கள் சம்பளத்தில் விலக்கு கேட்பது தவறான கோரிக்கை. தெரியவந்தால் நீங்கள் விட்டுக்கொடுத்த சம்பளம் முழுவதற்கும் வரி போடுவார்கள். மிச்சம் என்று நினைத்ததில் பெரும்பகுதி திரும்பப் போகும்.

அப்புறம், அவர் தன் நர்சரி வழியாக எடுப்பது. அங்கே திட்டம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் பெரும்பாலும் எடுக்க முடியாது. காரணம் வரி இல்லை, குறைந்தபட்ச ஊதியம். சாலரி சாக்ரிஃபைஸுக்குப் பிறகு மிஞ்சும் சம்பளம் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகக் கூடாது. 2025-26இல் 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு அது மணிக்கு 12.21. அவருக்கு 12.60. இடையில் 39 பென்ஸ் இருக்கிறது. மாதம் 130 மணி நேரத்துக்கு 50 பவுண்டும் சில்லறையும். அதாவது வருடத்துக்கு 600 பவுண்ட் சைக்கிள்தான் எட்டும். இதுவும் 2026 மார்ச் வரைக்கும்தான். ஏப்ரலில் குறைந்தபட்ச ஊதியம் 12.71 ஆகிறது. அவருக்கு அந்த 11 பென்ஸை நர்சரி ஏற்றிக் கொடுத்தே ஆக வேண்டும், ஆனால் அதற்கு மேல் ஏற்றாவிட்டால் விட்டுக்கொடுக்க அவரிடம் ஒரு பென்ஸ்கூட இருக்காது. குறைந்த சம்பளக்காரர்களுக்குச் சைக்கிள்தான் உண்மையில் தேவை, ஆனால் திட்டம் அவர்களுக்குத்தான் எட்டுவதில்லை. எனக்கு இந்தத் திட்டத்தில் உள்ள பெரிய குறை இதுதான்.

இன்னொன்றும் உண்டு. அடுத்த வருடம் இரண்டாவது குழந்தைக்கு யோசிக்கிறோம் என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். மகப்பேறு ஊதியத்தில் முதல் ஆறு வாரத்துக்குச் சராசரிச் சம்பளத்தில் 90 சதவீதம் வரும். அந்தச் சராசரியை எடுப்பது, பிரசவத்துக்குப் பதினைந்து வாரம் முன்பு முடியும் எட்டு வாரக் காலத்தில். அந்த எட்டு வாரத்தில் சைக்கிளுக்காகச் சம்பளம் குறைந்திருந்தால், குறைந்த சம்பளத்தைத்தான் எடுப்பார்கள். மாதம் 50 பவுண்ட் பிடித்தால் ஆறு வாரத்தில் இழப்பு சுமார் 62 பவுண்ட். 600 பவுண்ட் சைக்கிளில் அவருக்கு மிச்சமாகும் 168இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிலேயே போய்விடும். நர்சரி ஒரு மைல்தான் என்றால், நல்லபடியாகச் சரிபார்த்து விற்கும் கடையில் ஒரு செகண்ட் ஹேண்ட் சைக்கிள் பாருங்கள். படிவம் எதுவும் வேண்டாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

பே-ரோலுக்கு மின்னஞ்சல் எழுதுங்கள், போனில் பேசாதீர்கள். எழுத்தில் இருந்தால்தான் பிறகு காட்ட முடியும். சண்டை தோரணை வேண்டாம், நான்கு வரி போதும்: 2024-25 பி11டியில் ஏ பகுதியில் என் சைக்கிளுக்கு 2,400 என்று போட்டிருக்கிறீர்கள். 244ஆம் பிரிவின் கீழ் இரவல் கொடுத்த சைக்கிள் இது, 206ஆம் பிரிவின்படி கைமாறிய நாளின் சந்தை மதிப்பு மட்டும்தான் கணக்கு. ஹெச்எம்ஆர்சி அட்டவணைப்படி ஒரு வருடச் சைக்கிளுக்கு 25 சதவீதம், 600 பவுண்ட். திருத்திய பி11டி அனுப்பி எனக்கு ஒரு நகல் தாருங்கள்.

அவர்கள் தயங்கினால் இதையும் மெதுவாகச் சொல்லுங்கள். உங்களுக்கு வரி போட்ட அதே 2,399க்குக் கம்பெனியும் தன் பங்குக்கு 13.8 சதவீதம் நேஷனல் இன்சூரன்ஸ் கட்டியிருக்கும். 1,800 அதிகமாகக் காட்டியதில் அவர்களுக்கு 248 பவுண்டுக்கு மேல் திரும்பக் கிடைக்க வேண்டியிருக்கிறது. உங்கள் 360ஐவிட அவர்கள் 248தான் மின்னஞ்சலுக்குச் சீக்கிரம் பதில் வரவைக்கும். திருத்தம் ஆன்லைனில்தான் போக வேண்டும், பேப்பர் படிவத்தை ஹெச்எம்ஆர்சி இப்போது வாங்குவதில்லை.

உங்கள் பக்கம், ஹெச்எம்ஆர்சி இணையதளத்தில் உள்ள பெர்சனல் டாக்ஸ் அக்கவுண்டில் நுழைந்து இரண்டு விஷயம் பாருங்கள். 2025-26 கோட் 1257எல்லாகவே இருக்கிறதா? சில சமயம் இதே தொகையைப் போன வருடப் பாக்கியாகவும் இந்த வருடம் தொடரும் சலுகையாகவும் இரண்டு முறை போட்டுவிடுவார்கள். சைக்கிள் ஒரு முறை கைமாறியது, ஒரு முறைதான் வரி. அடுத்து, பி800 கணக்கை ஏற்கவில்லை, முதலாளி பி11டியைத் திருத்துகிறார் என்று ஹெச்எம்ஆர்சிக்குத் தெரிவித்து வையுங்கள்.

திருத்தம் 2026 ஏப்ரலுக்கு முன் முடிந்தால் புதுக் கோட் 1197எல் என்று வரும். 12,570இல் 599 போக 11,971. மாதம் 10 பவுண்ட் அளவில் பிடிப்பார்கள். தாமதமானால் ஏப்ரல், மே சம்பளத்தில் மாதம் 40 பிடிக்கலாம். கோட் மாறியதும் அதிகம் பிடித்தது அடுத்த சம்பளத்தோடு திரும்பி வந்துவிடும், அதற்குத் தனியாக விண்ணப்பம் வேண்டாம்.

சைக்கிளின் பேட்டரி ஒரு வருடத்திலேயே பாதி தூரம்தான் தாங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். அட்டவணை கட்டாயம் இல்லை, மதிப்பு அதைவிடக் குறைவு என்று ஆதாரத்தோடு காட்டலாம். 2025 மார்ச்சை ஒட்டிக் கடையில் பேட்டரியைச் சோதித்த சீட்டு இருந்தால் மின்னஞ்சலோடு சேர்த்து அனுப்புங்கள். இல்லையென்றால் 600க்கே விட்டுவிடுங்கள். 400 என்று நிரூபித்தால்கூட உங்களுக்குக் குறையும் வரி 40 பவுண்ட்தான்.